ஓட்டை இல்லாத பெட்டி

திருவொற்றியூரில் காலி கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் சாபிராவுக்கு வேலை. அங்கே கண்டெய்னரைப் பெட்டி என்பார்கள். சரக்கை இறக்கிவிட்டு வரும் பெட்டியைக் கூட்டிப் பெருக்க வேண்டும். அடுத்த சரக்குக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் உள்ளே போய் நிற்பார்கள். வெளியே இருப்பவர் கதவுகளை இழுத்துச் சாத்துவார். கண் இருட்டுக்குப் பழக நான்கு நிமிடமாகும். தகரத்தில் எங்காவது ஓட்டை இருந்தால் அதற்குள் வெளிச்சம் ஊசி போல உள்ளே வந்து நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டால் வெல்டர் வந்து ஒட்டுப் போடுவார். வெளிச்சம் வரும் வழியில் மழையும் வரும் என்பதுதான் விஷயம்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பெட்டி. எட்டு வருடமாக அந்த இருட்டில் சாபிரா சும்மா நின்றாள்.

போன வருடம் கார்குழலி வந்து சேர்ந்தாள். எம்.கே.பி. நகர்க்காரி. பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். பெட்டியின் எண்ணையும் ஓட்டை இருக்கும் இடத்தையும் கையிலிருக்கும் டேப்லெட்டில் பதிவது அவள் வேலை. முதல் நாள் கதவைச் சாத்தியதும் பயந்து சாபிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் தெரியாமல் இருக்க எதையாவது பேச வேண்டும். பேச அவளிடம் இருந்தது காலையில் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்த கதை.

கதை இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடந்தது. கடலோரக் குன்றில் ஒரு வீடு. அதில் நான்கு அக்கா தங்கைகள். அப்பா இல்லை. ஆண் வாரிசு இல்லாததால் வீடு என்றைக்காவது தூரத்துச் சொந்தக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். ஆளுக்கொரு புத்தகமாக மொத்தம் நான்கு. முதல் புத்தகம் கடைசித் தங்கையின் கல்யாணம்.

சாபிராவுக்கு அதிலேயே கோபம் வந்துவிட்டது.

“மூத்தவ குந்திகினு கீறசொல்ல சின்னவளுக்கா கல்யாணம்? அந்த வூட்ல கேக்க ஆளே இல்லியா?”

“அதான் அப்பா செத்துட்டாரேக்கா.”

“அதானே பாத்தேன்.”

கோபம் இருந்தாலும் அடுத்த பெட்டிக்குள் போனதும், சரி, அப்புறம் இன்னா ஆச்சு என்று அவள்தான் கேட்டாள்.

அப்படி ஆரம்பித்தது. நான்கு நிமிடம் கதை, பிறகு துடைப்பம், பிறகு அடுத்த பெட்டி. டியூக் என்ற ஆள் வந்தபோது, அது தன் தம்பியின் மச்சினன் ஓட்டும் பைக் இல்லையா என்று சாபிரா கேட்டாள். ராஜாவுக்கு அடுத்தபடி உள்ள பிரபு என்று குழலி விளக்கினாள். அப்படியானால் அவனுக்கு வேலை என்ன என்று கேட்டாள். குதிரையில் வருவான், கோபமாக இருப்பான், மழையில் நனைவான், அவ்வளவுதான் என்றாள் குழலி.

அந்த ஊரில் உடம்புக்கு வந்தால் கடலில் குளிக்கச் சொன்னார்கள். எண்ணூரில் இறங்கச் சொல்லு, இருக்கற ஒடம்பும் போவும் என்றாள் சாபிரா. பெண்கள் குளிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சக்கரம் வைத்த மரப் பெட்டிக்குள் அவர்களை ஏற்றிக் கதவைச் சாத்தி, குதிரையைப் பூட்டித் தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள் என்று குழலி சொன்ன அன்று சாபிராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுங்களும் பெட்டிக்குள்ளதான் நிக்கிறாளுங்களா என்று சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாபிராவின் வீடு ராயபுரத்தில். தம்பி ரஷீது வீட்டு மாடி அறை. கணவர் இறந்த மறு வருடம் யார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே மகள் ஆஃபியா கல்யாணமாகி மாதவரத்தில் இருக்கிறாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது துறைமுகத்துக் கிரேன்களும், அவற்றுக்கு நடுவே ஒரு கை அகலக் கடலும் தெரியும். குன்றை அவள் பார்த்ததில்லை. அதனால் நான்கு பெண்களின் வீட்டை அலைத் தடுப்புக் கற்களின் மேல் வைத்துக்கொண்டாள். அவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பது அந்தக் கற்களின் மேல்தான். மீன் வலை காயும் இடத்தில் இரண்டாவது பெண் தன் மாலுமிக்காகக் காத்து நின்றாள்.

முதல் புத்தகத்தின் முடிவில் பிரபு வந்து சின்னவளைத் தோட்டத்தில் பார்த்தான். முட்டி போட்டான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான்.

“அவகிட்டயே கேக்கறானா?”

“ஆமாக்கா.”

“நேரா? பக்கத்துல யாரும் இல்லாம?”

“தோட்டக்காரன் கூட இல்ல.”

அடுத்த இரண்டு பெட்டியையும் சாபிரா கூட்டி முடித்தாள். மூன்றாவது பெட்டியில், இன்னா தெகிரியம் என்றாள். அவனைச் சொன்னாளா அவளைச் சொன்னாளா என்று குழலி கேட்கவில்லை.

கதவைச் சாத்துவதும் திறப்பதும் ஒட்டுப் போடுவதும் மொஹ்சின். நாற்பத்தெட்டு வயது. மூன்று தங்கைகளுக்கும் வரிசையாகக் கல்யாணம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. தன் கல்யாணப் பேச்சை அதோடு விட்டுவிட்டார் என்பார்கள். அதிகம் பேசாத மனிதர். நான்கு நிமிடமானதும் கதவில் மூன்று தட்டு தட்டுவார். முடிந்துவிட்டால் உள்ளிருந்து ஒரு தட்டு. இன்னும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு தட்டு. கதை நல்ல இடத்தில் நின்றால் குழலி இரண்டு தட்டுவாள்.

இரண்டாவது புத்தகம் பாதி போயிருந்தபோது ஒரு நாள் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கிவிட்டுக் குழலியைப் பார்த்தார்.

“அந்தக் கப்பல் வந்துச்சா இல்லியா?”

“எந்தக் கப்பல் பாய்?”

“ரெண்டாவது பொண்ணோடது.”

சாபிரா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஓட்டை வழியே வெளிச்சம் மட்டும் வரவில்லை, பேச்சும் வெளியே போயிருக்கிறது. இரண்டு மாதமாக அவர் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்துச் சொன்னார்கள். ஓட்டையைக் கண்டதும் அதன் பக்கம் போய் நின்று குழலி குரலை உயர்த்துவாள். பெட்டி வந்து இறங்கும்போதே மொஹ்சின் அதைச் சுற்றிவருவார். துருப்பிடித்துக் கிடந்தால், இது நல்ல பெட்டி என்பார். யார்டில் ஓட்டைப் பெட்டியைப் பார்த்து மகிழ்ந்த ஒரே வெல்டர் அவர்தான். மூன்றாவது புத்தகம் வந்தது. மழைக்காலமும் வந்தது. பெட்டி வாசலில் சேறு தேங்கினால் மரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து போடுவார். குழலி குதித்து இறங்கிவிடுகிறவள். பலகை யாருக்கென்று சாபிராவுக்குத் தெரியும். அந்த வாரத்திலிருந்து அவரை அவள் ‘பாய்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடவே இல்லை.

மூன்றாவது புத்தகம் முடிந்து நான்காவது தொடங்கியது. அது மூத்தவளின் கதை. முப்பத்து மூன்று வயதாகிவிட்டது அவளுக்கு. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுக் காலி வீட்டில் இருக்கிறாள். அந்த ஊருக்குக் கல்பாலம் கட்ட ஒரு பொறியாளர் வருகிறார்.

அப்போதுதான் மொஹ்சின் மாறிப்போனார். ஒரு சனிக்கிழமை காலை கதவைச் சாத்தினார். ஓட்டைப் பக்கம் நிற்காமல் ஜெனரேட்டர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நேரம் ஆனதும் வந்து ஒரே தட்டு. திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. பலகையை மட்டும் வழக்கம்போலப் போட்டார். வள்ளூர் பக்கம் திறக்கும் புது யார்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார், வர்ற சனிக்கிழமைதான் இங்கே கடைசி என்று அலுவலகத்தில் சொன்னதாகக் குழலி வந்து சொன்னாள்.

காரணம் செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. ரஷீது எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடை வைத்திருக்கிறான். அக்காவைத் தாங்குகிறவன். மச்சான் இறந்த மறுநாளே போய் அவளையும் மகளையும் வீட்டுக்கு அழைத்துவந்தவன். அவன் பெருமையோடுதான் சொன்னான். மொஹ்சினின் தங்கை ஃபாத்திமா வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடைக்கு வந்தாளாம். அண்ணனுக்காக அக்காவைப் பெண் கேட்டாளாம்.

“நீ ஒண்ணியும் மன்சுல வச்சிக்காதக்கா. ஒம்பது வருசமா மரியாதியா கீற பொம்பள, இந்த மாரி பேச்செல்லாம் வாணாம்னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்லி அனுப்ச்சிட்டேன்.”

சாபிரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ரஷீதின் மனைவி ஹஃப்சா அவள் கையையே பார்த்தாள்.

மாடிக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. பத்தொன்பது வயதில் நிக்காஹ் அன்று அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் சார்பாளராக நிற்கும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் வந்து சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. வக்கீல் மறுபடி கேட்டார். சத்தமாகச் சொல்லும்மா என்றார். சம்மதம் வாங்க மூன்று ஆண்கள் வர வேண்டியிருந்தது. வேண்டாம் என்பதற்கு அவளைக் கேட்க ஒருவரும் வரவில்லை. அதைச் சொல்ல ரஷீதே போதும்.

மறுநாள் இருட்டில் குழலியிடம் சொன்னாள். கதை அன்று நடக்கவில்லை. நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள் குழலி. நம்பர் இருக்கிறது, எழுதியாவது அனுப்பலாம் என்றாள்.

“வாணாம். ஏற்கெனவே ஒருத்தன் என் வாயா இருந்து பேசிட்டான். இன்னொரு வாய் எதுக்கு?”

“அப்ப நீங்களே பேசுங்க.”

முடியவில்லை. யார்டில் முப்பது ஆண்கள். டிரெய்லர் ஓட்டுநர்கள் வேறு. ஒரு வார்த்தை பேசினால் கேட் தாண்டுவதற்குள் அது ஒன்பது வார்த்தையாகிவிடும். புதன் போனது. வியாழனும் வெள்ளியும் போயின. வெள்ளி சாயங்காலம் ஆஃபியாவுக்குப் போன் செய்து சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தாள். அவருக்கு மீசை இருக்கா இல்லையா என்று மட்டும் மகள் கேட்டாள். இல்லை, தாடி என்று சாபிரா சொன்னாள். பரவாயில்ல என்றாள் மகள்.

அதற்குப் பிறகுதான் வழி தோன்றியது. இருட்டில் பேசலாம். வெளியே இருப்பவருக்குக் கேட்கும், முகம் தெரியாது. முப்பது பேரும் அதைக் கதை என்றுதான் நினைப்பார்கள்.

சனிக்கிழமை முதல் பெட்டிக்குள் ஏறும் முன் குழலி மொஹ்சினிடம் போனாள். இது பெரியவளின் கதை, கடைசி நாளாவது நின்று கேளுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். கதவு மூடியது. அவருடைய காலடிச் சத்தம் அந்தப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றது.

“பொறியாளர் கல்பாலம் கட்டிகினு கீறாரா…” என்று குழலி ஆரம்பித்தாள்.

“நீ இரு. இன்னிக்கு நான் சொல்றேன்.”

சாபிரா தகரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“அந்தப் பெரியவளுக்கு ஒரு தம்பி.”

“அவளுக்குத் தம்பி இல்லக்கா.”

“கீறான். கத யார் சொல்றது, நீயா நானா?”

குழலி வாயை மூடிக்கொண்டாள். சாபிரா சொன்னாள். தம்பி நல்லவன். அக்கா மேல் உயிர். பொறியாளரின் தங்கை வந்து பெண் கேட்டாள். தம்பி அக்காவைக் கேட்காமலே முடியாது என்று அனுப்பிவிட்டான். அக்காவுக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். பொறியாளர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. நிக்காஹ் அறையில் வராத சத்தம் இப்போது வந்தது. பெட்டி அதை வாங்கி அதிர்ந்தது. சொல்லி முடித்ததும் வேர்த்துக் கொட்டியது. இருட்டில் நின்றாள். ஒரு பொட்டு வெளிச்சம் எங்கும் இல்லை.

மூன்று தட்டு. குழலி ஒரு தட்டு தட்டினாள். கதவு திறந்தது.

வெயில் கண்ணில் அறைந்தது. மொஹ்சின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

“எத்தினி ஓட்டை?”

“ஒண்ணுமில்ல பாய்,” என்றாள் குழலி. டேப்லெட்டை அப்போதுதான் பார்த்தாள். “புதுப் பெட்டி. போன மாசம் செஞ்சது. கதவு ரப்பர் கூட புதுசு.”

“அதான். காதை வச்சுகினு நின்னேன். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல.”

குறைபோலச் சொன்னார். கடைசி நாளும் இப்படி ஆயிற்றே என்பதுபோல.

சாபிரா பெட்டி விளிம்பில் நின்றாள். அடுத்த பெட்டி பக்கத்திலேயே இருந்தது. துருப்பிடித்துச் சல்லடை மாதிரி ஆகிப்போன பெட்டி. அதற்குள் போய் நின்று முதலிலிருந்து சொன்னால் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். அவள் அதைப் பார்த்தாள். மறுபடியும் இருட்டில் நின்று மறுபடியும் பொறியாளரைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டத்தில் முட்டி போட்டவன் நினைவு வந்தது. பட்டப் பகலில்தான் அவன் கேட்டான்.

பெட்டித் தரை முழங்கால் உயரம். அதனால் அவளுக்கு அவருடைய நரைத்த தலை கீழே தெரிந்தது.

“உங்க தங்கச்சிகிட்ட முடியாதுன்னது ரஷீது. நான் இல்ல. எங்கிட்ட யாரும் கேக்கல.”

தூரத்தில் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்தது. மொஹ்சின் கம்பியை விடவில்லை. குழலி டேப்லெட்டில் ஏற்கெனவே பதிந்த எண்ணை மறுபடி பதிந்துகொண்டிருந்தாள்.

“கேட்டிருந்தா?” என்றார்.

“சம்மதம்னு சொல்லியிருப்பேன்.”

ஒரே முறைதான் சொன்னாள். மறுபடி கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

மொஹ்சின் குழலியிடம் திரும்பினார்.

“நாலாவது புக்கு முடிய எத்தினி நாள் ஆவும்?”

“பத்து நாள் ஆவும் பாய். பெட்டியப் பொறுத்து.”

“அப்ப வள்ளூருக்கு வேற ஆளப் பாக்கச் சொல்றேன்.”

பலகையை இழுத்து வாசலில் போட்டார். சாபிரா இறங்கினாள். அவர் துருப்பிடித்த பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

“இது நல்ல பெட்டி,” என்றார்.

அன்று இரவு சாப்பாடு ஆனபின் சாபிரா மாடிக்குப் போகவில்லை. ரஷீதுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு ஃபாத்திமா மறுபடி வருவாங்க. கடைக்கு இல்ல, வூட்டுக்கு. நீ பதில் சொல்லாத. நான் சொல்லிக்கறேன்.”

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. நான் உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தான். தெரியும் என்றாள் அவள். தெரியும், ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் தட்டிலிருந்த தண்ணீரில் விரலால் கோடு போட்டான்.

“எப்பலேர்ந்துக்கா?” என்றான் கடைசியில்.

“ரெண்டாவது புஸ்தகத்துலேர்ந்து.”

ரஷீது மனைவியைப் பார்த்தான். ஹஃப்சா தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா புஸ்தகம்க்கா?”

“பெரிய கத.”

“சொல்லுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே.”

சாபிரா காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். கண் பழகுவதற்காகக் காத்திருப்பவள் போல இருந்தது.

“நாலு பொண்ணுங்க. கடலாண்ட வூடு. அப்பன் இல்ல. மொதல்ல கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குது.”

“மூத்தவ குந்திகினு கீறசொல்லயா?” என்று ரஷீது குறுக்கே விழுந்தான். “கேக்க ஆளே இல்லியா அந்த வூட்ல?”

“நீ கேளு,” என்றாள் சாபிரா. “அவ கத கடைசில வருது.”